கருவியலில் ஒரு கொடி

கருவியல் பாடநூல்களைப் புரட்டினால் எங்காவது பிரான்ஸ் நாட்டுக் கொடி வந்து நிற்கும். அதை அங்கே கொண்டுவந்தவர் லூயிஸ் வோல்பெர்ட். 1929-இல் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். படித்தது சிவில் இன்ஜினியரிங். மண்ணின் உறுதியைக் கணக்கிட்டு வந்தவர், உயிரியல் மேல் ஆசைப்பட்டு லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். கடல் முள்ளெலியின் முட்டை இரண்டாகப் பிரியும்போது என்னென்ன விசைகள் வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தார்.

அந்தப் பிராணியிடம் பழைய புதிர் ஒன்று கிடந்தது. 1891-இல் ஹான்ஸ் ட்ரீஷ், இரண்டே செல்லாக இருந்த அதன் கருவைக் குலுக்கித் தனித்தனியாகப் பிரித்தார். பாதிப் பாதி உடல் வளரும் என்று பார்த்தால், ஒவ்வொன்றும் முழு லார்வாவாக வளர்ந்தது. அளவுதான் சிறியது, விகிதம் மாறவில்லை.

பாதியாகக் குறைந்த கருவுக்கு விகிதம் எப்படித் தெரிந்தது? 1960-களின் பிற்பகுதியில் வோல்பெர்ட் கை, கால், குடல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வெறும் செல் வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு செல்லும் நீலமாகலாம், வெள்ளையாகலாம், சிவப்பாகலாம். வரிசை நீண்டாலும் குறுகினாலும் மூன்றும் சமபங்காக அமைய வேண்டும். கொடி அப்படிப்பட்டதுதானே! அவர் சொன்ன விடை இது: ஒரு முனையில் ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது, மறுமுனையில் அழிகிறது, நடுவில் அதன் அடர்த்தி சீராகக் குறைகிறது. அந்த அளவைக் கொண்டு செல் தன் இடத்தை அறிந்து, இடத்துக்கேற்ற நிறத்தை எடுக்கிறது. 1969-இல் இது விரிவான கட்டுரையாக வந்தது.

ஆய்வு முடிந்தபின் பொதுமக்களுக்காக எளிமையாக்கி வரைந்த படமல்ல இது. ஆய்வே இந்தப் படத்தில்தான் தொடங்கியது. அறிவியலை எழுதுகிற எவரும் கவனிக்க வேண்டிய இடம் இது என்பேன். 1986-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் இளையவர்களுக்குக் கரு வளரும் விதத்தை விளக்கியவரும் இதே வோல்பெர்ட்தான்.

கொடியைக் கோழிக்குஞ்சின் இறக்கையிலும் சோதித்தார்கள். அடைகாத்துச் சில நாளே ஆன முட்டையின் ஓட்டில் சிறு ஜன்னல் வெட்டுவார்கள். உள்ளே இறக்கை இன்னும் ஒரு புடைப்புதான். வேறொரு கருவின் இறக்கைப் புடைப்பில் பின்விளிம்புத் துணுக்கை எடுத்து, இதன் முன்விளிம்பில் பொருத்தி, ஜன்னலை டேப்பால் ஒட்டி மறுபடி அடை வைப்பார்கள். மூன்று விரல் வரவேண்டிய இறக்கையில் ஆறு வரும்; கண்ணாடியில் பார்த்ததுபோல் இருபுறமும் ஒரே வரிசை. துணுக்கு ஒட்டிய பக்கமும் இப்போது ஒரு சுரக்கும் முனை ஆகிவிட்டது என்றார் வோல்பெர்ட்.

அப்படிப்பட்ட பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 1988-இல் வோல்ஃப்காங் ட்ரீவரும் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் பழ ஈயின் கருவில் அதைக் காட்டினார்கள். பைகாய்டு என்ற அந்தப் புரதம் தலைப்பக்கம் மிகுந்து, வால்பக்கம் போகப்போகக் குறைகிறது.

எல்லாவற்றுக்கும் கொடி விடையாகிவிடவில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் தாமாகவே கோலம் அமைக்கும் என்று ஆலன் டியூரிங் 1952-லேயே சொல்லியிருந்தார். எலியின் விரல்கள் இடைவெளி விட்டு முளைப்பது அந்த வழியில்தான் என 2014-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. அவற்றில் எது பெருவிரல், எது சுண்டுவிரல் என்பதற்கு வோல்பெர்ட் சொன்ன இடக்கணக்கும் சேர்ந்தே வேலை செய்கிறது என்று இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.