ஐம்பது சொற்களால் எழுப்பிய வேலி



பள்ளியில் படித்தவர் எவருக்கும் சொல்வதெழுதுதல் புதிதன்று. ஆசிரியர் ஒரு பகுதியை மெல்லப் படிப்பார். நாம் பிழையின்றி எழுதவேண்டும். பிழை மிகுந்தால் பத்து முறை எழுதிவரும்படி பணிப்பார். இந்த எளிய பயிற்சியைக் கொண்டு ஒரு நாடு தன் எல்லைக்கு வேலி கட்டியது என்றால் நம்புவது அரிதாகத்தான் இருக்கும். ஆயினும் ஆஸ்திரேலியாவில் 1901 முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்தது அதுவே.

1910-ஆம் ஆண்டையொட்டிய ஒரு நாளில் சிட்னித் துறைமுகத்தில் கப்பல் ஒன்று வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். கீழை நாட்டவர் ஒருவர் கரையிறங்கக் காத்திருக்கிறார். சுங்க அதிகாரி அவர்முன் தாளும் பேனாவும் வைத்து, 50 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை உரக்கப் படிக்கிறார். வந்தவர் ஆங்கிலம் வல்லவராக இருக்கலாம். அதனால் பயனில்லை. ஐரோப்பிய மொழி எதிலும் தேர்வு வைக்கலாம், எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்யலாம் என்பது சட்டம். ஆங்கிலம் அறிந்தவருக்கு ஜெர்மன், ஜெர்மனும் அறிந்தவருக்கு சுவீடன் நாட்டு மொழி என்று அவர் தேடி எடுத்துக்கொள்வார். எழுத இயலாதவர் தடுக்கப்பட்ட குடியேறி ஆவார்; அவருக்குக் கிடைப்பது ஆறு மாதம்வரை சிறை, அல்லது வந்த வழியே திரும்பும் பயணம். 1902, 1903 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இத்தேர்வு 805 முறை நடந்தது. தேறியவர் 46 பேர். 1904 முதல் 1909 வரை 554 முறை நடந்ததில் தேறியவர் அறுவர். அதன் பின்னர் ஒருவர்கூடத் தேறவில்லை. மாணவர் அனைவரும் தவறவேண்டும் என்பதற்காகவே வினாத்தாள் தயாரித்த ஆசிரியரை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள்!

வெள்ளையரல்லாதார் வரக்கூடாது என்று ஒரே வரியில் சட்டம் இயற்றிவிட்டுப் போயிருக்கலாமே, இந்த நாடகம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1851-இல் ஆஸ்திரேலியாவில் பொன் கிடைத்தது. பொன்னைத் தேடி ஐரோப்பியர் வந்தனர், அமெரிக்கர் வந்தனர், சீனரும் ஆயிரக்கணக்கில் வந்தனர். உழைப்புக்கு அஞ்சாத சீனரைக் கண்டு வெள்ளைத் தொழிலாளர் அஞ்சினர். தங்கள் கூலி குறையும் என்பது அவர்கள் வாதம். நிறத்தின்மேல் இருந்த வெறுப்பும் அதனோடு கலந்திருந்தது. விக்டோரியா மாகாணம் 1855-இலேயே கப்பலில் வரும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுன் தலைவரி விதித்தது. லாம்பிங் பிளாட் என்னும் பொன்வயலில் 1860, 1861-ஆம் ஆண்டுகளில் சீனரை அடித்து விரட்டினார்கள். அப்போது ஆறு தனித்தனிக் குடியேற்றங்கள். ஒன்றோடொன்று சுங்கவரிச் சண்டை. எனினும், சீனரைத் தடுக்கவேண்டும் என்பதில் மட்டும் அவற்றுள் பெரிய வேற்றுமை இருந்ததில்லை.

1901 ஜனவரி 1-ஆம் நாள் அந்த ஆறும் இணைந்து ஒரே நாடாயின. ஆனால் லண்டனில் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு சங்கடம் இருந்தது. இந்தியர்களும் அரசரின் குடிகள். ஜப்பானோடு நட்பு வேண்டியிருந்தது. நிறத்தைப் பெயர் சொல்லி விலக்கினால் சாம்ராஜ்யத்தின் நீதி வெளுத்துப் போகுமன்றோ! ஆகவே, குடியேற்ற அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் 1897-இல் லண்டனில் கூடிய குடியேற்ற நாடுகளின் முதலமைச்சர்களுக்கு ஒரு வழி காட்டினார். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் அரசு அவ்வாண்டு இயற்றியிருந்த சட்டமே அந்த வழி.

இவ்விடத்தில் நம் நாட்டின் கதையும் வந்து சேர்கிறது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் நம்மவர்கள். அவர்களைத் தொடர்ந்து வணிகர்களும் சென்றனர். கூலியாய் இருந்தவரை இந்தியரை வேண்டியிருந்தது. கடை வைத்தவுடன் வேண்டாதவர் ஆயினர். 1897 ஜனவரியில் டர்பன் நகரத் தெருவில் காந்தியடிகளை வெள்ளையர் கும்பல் தாக்கியதும் இந்தப் பகையினாலேதான். ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் உள்ளே வரலாகாது என்று நேட்டால் அந்த ஆண்டில் சட்டம் செய்தது. சட்டத்தில் 'இந்தியர்' என்ற சொல்லே இல்லை, அடிபட்டவர்களோ இந்தியர்கள். நம் மக்களைத் தடுக்கப் பிறந்த அந்தத் தந்திரமே கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது.

ஆஸ்திரேலியத் தொழிற் கட்சியினர் இந்த மறைப்பை விரும்பவில்லை. நிறத்தின் பெயரைச் சொல்லியே தடுப்போம் என்று பாராளுமன்றத்தில் வாதாடித் தோற்றனர். கொடுமைதான், ஆனால் அவர்கள் பேச்சில் ஒளிவுமறைவு இல்லை. வென்ற சட்டத்தில் கொடுமையும் இருந்தது, ஒளிவும் இருந்தது. ஜப்பான் மனம் வருந்தியதால் 1905-இல் 'ஐரோப்பிய மொழி' என்ற சொற்களை நீக்கி, 'விதிக்கப்பட்ட மொழி' என்று மாற்றினார்கள். புதிதாக எந்த மொழியும் விதிக்கப்படவே இல்லை. பழைய தேர்வு பழையபடியே நடந்தது.

பொய்யாகப் பிடித்த கருவி ஒருநாள் பிடித்தவன் கையையே அறுக்கும். 1934-இல் ஈகான் கிஷ் என்ற எழுத்தாளர், போர் எதிர்ப்பு மாநாடு ஒன்றில் பேசுவதற்காக ஆஸ்திரேலியா வந்தார். பிராகு நகரத்தவர், வெள்ளையர், பொதுவுடைமைவாதி. அவர் கருத்தை விரும்பாத அரசு அவரைக் கரையிறங்க விடவில்லை. மெல்போர்னில் கப்பல் புறப்படும்போது அவர் மேல்தளத்திலிருந்து துறைமேடைமீது குதித்தார். கால் எலும்பு முறிந்தது. அவரை மீண்டும் கப்பலில் ஏற்றிச் சிட்னிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நீதிமன்ற உத்தரவின்மேல் அவர் கரையேறியபோது, அரசு பழைய வேலியை நினைத்துக்கொண்டது. கிஷ் பல ஐரோப்பிய மொழிகள் கற்றவராயிற்றே, எந்த மொழியில் தேர்வு வைப்பது? ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பேசப்படும் கேலிக் மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள்! தேர்வு நடத்தியவருக்கே அம்மொழி திருந்த வரவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்துக் கேலிக் இச்சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அன்று என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் சிரித்தது, ஸ்காட்லாந்து மரபினர் சினந்தனர். கிஷ்ஷுக்காக வழக்காட வழக்கறிஞர்கள் இருந்தனர், பத்திரிகைகள் எழுதின. அவருக்கு முன்னே அத்தேர்வில் விழுந்த சீனருக்கும் இந்தியருக்கும் அத்தகைய துணை எளிதில் வாய்த்ததில்லை.

வேலிக்கு உள்ளே இருந்தவர் நிலையையும் பார்க்கவேண்டும். குவீன்ஸ்லாந்தின் கரும்பு வயல்களுக்கெனப் பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 60,000 பேர் கொண்டுவரப்பட்டிருந்தனர். ஏமாற்றியும் வலிந்தும் கொணரப்பட்டவர் அவருள் பலர். 1901-இல் இயற்றிய வேறொரு சட்டத்தின்படி, எஞ்சியிருந்தவருள் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். பெண்களுக்கு வாக்குரிமை தந்து உலகோர் பாராட்டைப் பெற்ற 1902-ஆம் ஆண்டுச் சட்டமே, ஆசிய, ஆப்பிரிக்க, பசிபிக் மக்களுக்கும் அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கும் வாக்கை மறுத்தது. 50,000 ஆண்டுகளுக்கு மேலாக அங்கு வாழ்ந்துவரும் அம்மக்களை நாட்டின் மக்கள் தொகைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று அரசியலமைப்பிலேயே விதி இருந்தது. 1788-இல் வந்திறங்கிய வெள்ளையருக்கு எவரும் 50 சொற்கள் படித்துத் தேர்வு வைத்ததில்லை.

1922-இல் மகா கனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் இந்திய அரசின் தூதராக ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். அவருடைய ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயரே வியந்து கேட்டனர். அத்தகையவர் தூதராக அன்றிப் பிழைக்க வந்தவராய்த் துறைமுகத்தில் நின்றிருந்தால், அதிகாரி ஆங்கிலத்தைத் தவிர்த்துத்தான் தேர்வு வைத்திருப்பார்! சாஸ்திரியார் கதவைத் திறக்கும்படி கேட்கவில்லை. முன்னரே அங்குக் குடியிருந்த சிலஆயிரம் இந்தியருக்கு வாக்கு முதலிய உரிமைகளை வழங்குங்கள் என்றே கேட்டார். இது மிகவும் பணிந்த கோரிக்கை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயம் இருக்கிறது. வேலியின் நீதியைக் கேள்வி கேளாமல் விட்டுவிட்டார். எனினும் அவர் வீணே திரும்பவில்லை. 1924-இல் மெல்போர்னில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் தம் வாக்குரிமைக்காக வழக்காடி வென்றார். அடுத்த ஆண்டு பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து அங்கே குடியிருந்தவர்களுக்கு வாக்களித்தது. ஆதிக்குடிகள் அனைவரும் தேசியத் தேர்தலில் வாக்குப் பெறுவதற்கு 1962 ஆயிற்று. அவர்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிய விதி, 1967 மே மாதத்தில் பொது வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஒப்புதல் தந்த பின்னரே நீங்கிற்று.

வேலி ஒரே நாளில் விழவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆள் பற்றாக்குறை வந்தது. போரில் வீடிழந்த ஐரோப்பியர் சுமார் 1,70,000 பேரை அழைத்துக்கொண்டார்கள். இத்தாலியரும் கிரேக்கரும் வந்தனர். 1958-இல் இயற்றிய சட்டத்தால் சொல்வதெழுதுதல் தேர்வு ஒழிந்தது. 1966-இல் விதிகள் தளர்ந்தன. 1973-இல் விட்லம் அரசு நிற வேற்றுமையைக் குடியேற்றக் கொள்கையிலிருந்து அறவே நீக்கிற்று. பல பண்பாடுகள் கூடி வாழும் நாடு என்று ஆஸ்திரேலியா தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கு வாழ்வோருள் வெளிநாட்டில் பிறந்தவர்கள் நூற்றுக்கு இருபத்தேழுக்கு மேல். அவர்களுள் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு அடுத்தபடி இந்தியாவில் பிறந்தவர்களே மிகுதி.

ஆதிக்குடிகளின் கணக்கு வேறாக நிற்கிறது. பெற்றோரிடமிருந்து அவர்களுடைய பிள்ளைகளை அரசு பிரித்தெடுத்த கொடுமைக்காகப் பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13-இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அம்மக்களின் குரல் பாராளுமன்றத்தை எட்டுவதற்கு ஓர் அவை அமைத்து, அதை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று 2023 அக்டோபரில் மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றனர். பிற நாட்டவருக்குக் கதவைத் திறப்பது எளிதாகவும், வீட்டின் மூத்தவருக்குத் தனி இடம் கொடுப்பது அரிதாகவும் இருப்பதை அந்நாட்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் காண்கிறேன்.

ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்துச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தேர்விலிருந்து விலக்களிக்கும் சான்றிதழ்கள் அவை. பல ஆண்டுகளாக அந்நாட்டில் குடியிருந்த சீனத் தோட்டக்காரரோ, தலைச்சுமை வணிகம் செய்த இந்தியரோ ஊருக்குப் போய் மீளவேண்டுமானால் இதனை வாங்கிச் செல்லவேண்டும். முன்முகமும் பக்கமுகமுமாக இரண்டு நிழற்படங்கள். பின்புறத்தில் மையில் தோய்த்துப் பதித்த உள்ளங்கை. ஒரு படி பயணியிடம், மற்றொன்று சுங்கச் சாவடியில். திரும்பி வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்த சீனர் பலரும், தாம் பிறந்த ஊருக்குத் திரும்பி வருவதற்காக, இவ்வாறு கை பதித்துவிட்டே கப்பலேறினார்கள்.