கையை வீசினால் டிவியில் பந்து பறக்கும்: நின்டெண்டோ 'வீ' ரிமோட் முதல் நாளில் அசத்தியது எங்கே? சொதப்பியது எங்கே?

வீடியோ கேம்னா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, ரெண்டு கட்டைவிரலாலும் பட்டனைத் தட்டுவது. 2006 வரை பெரும்பாலும் இதுதான் நிலைமை. அந்த வருஷம் நவம்பர் 19-ம் தேதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜப்பானின் நின்டெண்டோ 'வீ' கன்சோல், ஆட்களை எழுந்து நிற்க வைத்தது.

ரெண்டு நாள் முன்னாடிதான் சோனியின் பிளேஸ்டேஷன் 3 அங்கே வந்திருந்தது. விலை 499 டாலரில் ஆரம்பம். வீ வெறும் 250 டாலர், அதுவும் ஒரு கேமோடு சேர்த்து. ஆனா எச்.டி. படத்தரம் கிடையாது. நின்டெண்டோ நம்பியது ஒரே ஒரு பொருளை: டிவி ரிமோட் மாதிரி இருந்த அந்த கன்ட்ரோலர்.

ரிமோட்டுக்குள் என்ன இருக்கு?

உங்க மொபைலைச் சாய்த்தால் ஸ்கிரீன் திரும்புது இல்லையா? அதுக்குக் காரணமான ஆக்சிலரோமீட்டர்தான் இதிலும் இருக்கு. கை எவ்வளவு வேகமா அசையுது, ரிமோட் எந்தப் பக்கம் சாயுது என்பதை அது சொல்லும். கை எந்த இடத்தில் இருக்கு என்பது அதுக்குத் தெரியாது. இந்த ஒரு குறைதான் பின்னாடி வரப்போகும் பிரச்சினைகளுக்கெல்லாம் ஆரம்பம்.

ரிமோட்டின் முன்பக்கம் ஒரு சின்ன இன்ஃப்ராரெட் கேமராவும் உண்டு. டிவி மேல வைக்கிற 'சென்சார் பார்' பெயரில்தான் சென்சார், உண்மையில் அது எதையும் கவனிப்பதில்லை! அதன் ரெண்டு முனையிலும் இருப்பது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்குகள் மட்டுமே. அந்த வெளிச்சத்தைப் பார்த்து, ஸ்கிரீனில் எங்கே குறிவைக்கிறோம்னு ரிமோட்தான் கணக்குப் போடுது. பார் இல்லாம ரெண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து விளையாடியவர்களும் இருக்காங்க.

வீ ஸ்போர்ட்ஸ்: பாட்டிகளும் விளையாடிய கேம்

டென்னிஸ், பேஸ்பால், பவுலிங், கோல்ஃப், பாக்ஸிங் என அஞ்சு விளையாட்டு. டென்னிஸில் ஓடுற வேலை நமக்கு இல்லை, பாத்திரமே ஓடிக்கும். சரியான நேரத்தில் கையை வீசினால் போதும். உட்கார்ந்த இடத்தில் மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் பந்து போகும் என்பதைப் பலரும் சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனாலும் எழுந்து நின்று வீசுவதுதான் ஜாலி.

அஞ்சில் முதலிடம் பவுலிங்குக்குத்தான். கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசி, பட்டனை விடணும். மணிக்கட்டைத் திருப்பினால் பந்து வளைந்து உருளும். ஏற்கெனவே கைக்குப் பழகின அசைவு, சொல்லித்தரவே வேண்டாம். அமெரிக்காவில் முதியோர் இல்லங்கள் வரை இது போய்ச் சேர்ந்தது. சுமாரானது பாக்ஸிங். நாம வேகமா குத்துவோம், திரையில் இருப்பவர் யோசிச்சு யோசிச்சு குத்துவார்.

ரெட் ஸ்டீல்: கத்தி எங்கே போச்சு?

யூபிசாஃப்ட்டின் இந்த கேம் மேல எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். நம்ம கைதான் கத்தி என்று எல்லோரும் நினைச்சாங்க. நடந்தது வேற. கை இருக்கும் இடமே ரிமோட்டுக்குத் தெரியாதபோது, கத்தி எப்படி கையைப் பின்தொடரும்? பக்கவாட்டு வீச்சு, மேலிருந்து கீழ் வீச்சு எனச் சில அசைவுகளை அடையாளம் கண்டு, ஏற்கெனவே தயாரா இருக்கும் காட்சியை ஓட்டியது, அவ்வளவுதான். ரிமோட்டால் முடியாததை வாக்குறுதியா கொடுத்ததுதான் தப்பு.

'செல்டா: ட்விலைட் பிரின்சஸ்' கதை வேற மாதிரி. அது முந்தைய கன்சோலான கேம்கியூபுக்காக உருவான கேம். ரிமோட்டை ஆட்டினால் வாள் சுழலும், ஒரு பட்டன் செய்யும் வேலைதான். ஆனா வில்லைக் குறிபார்க்க ரிமோட் அருமை. இன்னொரு சுவாரஸ்யம்: நாயகன் லிங்க் இடதுகை வீரர். பெரும்பாலானோர் ரிமோட்டை வலது கையில் பிடிப்பாங்க என்பதால், வீ பதிப்பில் மொத்த உலகத்தையே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமா திருப்பிட்டாங்க. கேம்கியூபில் கிழக்கில் இருந்த ஊர், இதில் மேற்கில்!

பறந்த ரிமோட்டுகள்

உற்சாகத்தில் வீசும்போது ரிமோட் கைநழுவ, மணிக்கட்டில் மாட்டும் கயிறும் அறுந்துபோனது. டிவி, விளக்கு எல்லாம் உடைந்த படங்கள் இணையத்தில் சுற்றின. டிசம்பரிலேயே சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. புதுக் கயிறு கொஞ்சம் தடிமன்.

கத்தி கையோடு சேர்ந்து அசைய 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம்தான் ரிமோட்டின் அடியில் மாட்டும் 'மோஷன்பிளஸ்' வந்தது, உள்ளே கைரோஸ்கோப். 2010-ல் வந்த ரெட் ஸ்டீல் 2, அது இல்லாம ஓடாது.

இன்னைக்கு யாராவது செகண்ட் ஹேண்டில் வீ வாங்குறதா இருந்தா, ரிமோட்டின் கீழ்ப்பகுதியில் 'மோஷன்பிளஸ் இன்சைட்' என்று எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா கைரோஸ்கோப் உள்ளேயே இருக்கு, தனியா வாங்க வேண்டாம். கயிறு கெட்டியா இருக்கான்னும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கோங்க.