கருவிண்மீனும் காலப் பயணமும்

‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966ஆம் ஆண்டு தொடங்கியது. 1980களில் தூர்தர்ஷன் வாயிலாக நம் நாட்டினரும் அதைக் கண்டனர். அத்தொடரில் 1967 ஜனவரி 26 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான ‘நாளை என்பது நேற்று’ என்னும் பகுதியை இங்கு ஆராய்வோம். எழுதியவர் டி. சி. ஃபான்டானா என்ற பெண்மணி. சென்னையில் பயின்ற இளைஞர் ஒருவரின் வரலாறும் இக்கதையோடு பிணைந்துள்ளது.

கதை இதுதான்

எதிர்காலத்தைச் சேர்ந்த ‘என்டர்பிரைஸ்’ என்ற விண்கப்பல் ஒரு ‘கருவிண்மீனின்’ ஈர்ப்பில் சிக்குகிறது. முழு வேகத்தில் திமிறி விடுபடும்போது, காலத்தில் பின்னோக்கி வீசப்பட்டு 1960களின் பூமிக்கு வந்து சேர்கிறது. அதை ஆராய வந்த விமானி கிறிஸ்டோபரைக் கப்பலில் ஏற்றிக்கொள்கின்றனர். எதிர்காலத்தை அறிந்துவிட்ட அவரைத் திருப்பி அனுப்பலாமா? கூடாது என்கிறார் அதிகாரி ஸ்பாக். பிறகுதான் தெரிகிறது, விமானிக்கு இனிப் பிறக்கவிருக்கும் மகனே சனிக்கோளுக்குச் செல்லும் முதல் பயணத்தின் தலைவன் என்பது! ஆகவே கப்பல் சூரியனை நெருங்கிச் சுழன்று, காலத்தைப் புரட்டி, அவரைப் பழைய கணத்திலேயே விட்டுச் செல்கிறது.

கதையில் வரும் வானொலிச் செய்தி, மனிதர்கள் சந்திரனுக்குப் புதன்கிழமை புறப்படுவர் என்கிறது. அப்போலோ 11 புறப்பட்ட 1969 ஜூலை 16ஆம் நாளும் புதன்கிழமையே!

கருவிண்மீன் வந்த வழி

இன்று நாம் ‘கருந்துளை’ என்போம். அச்சொல் 1964இல் அச்சேறியிருந்தாலும், 1967 டிசம்பரில் ஜான் வீலர் ஓர் உரையில் எடுத்தாண்ட பின்னரே பரவலாயிற்று. கதை அதற்கும் முந்தியது.

அக்கருத்துக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1930இல் தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்திலேயே அவர் போட்ட கணக்கு பின்னர் செம்மையுற்று, வெண்குள்ள விண்மீனின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட இயலாது என்று காட்டிற்று. அதனினும் மிகுந்த நிறையோடு எரிந்து தீர்ந்த விண்மீனின் கதி என்ன?

1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவர் தம் முடிவை விளக்கினார். அடுத்துப் பேசிய பேரறிஞர் எடிங்டன், விண்மீன் சுருங்கிக்கொண்டே போய் ஒளியையும் சிறைப்படுத்திவிடும் என்ற பொருள் இதற்கு வருவதைக் கண்டுகொண்டார். ஆனால், இத்தகைய அபத்தத்தைத் தடுக்கும் விதி ஒன்று இயற்கையில் இருந்தே தீரவேண்டும் என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல்தான். 2015இல் இரு கருந்துளைகள் மோதி எழுப்பிய ஈர்ப்பலைகளைக் கருவிகள் பதிவு செய்தன.

காலம் பின்னோக்கி ஓடுமா?

ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் கொள்கை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் ஈர்ப்பு குறைவு. ஆகவே அவற்றின் கடிகாரங்கள், வேகத்தால் ஏற்படும் இழப்பைக் கழித்த பின்னும், நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் இடக்கணிப்பு பல கிலோமீட்டர் பிசகும்.

இப்போது என்டர்பிரைஸை எண்ணிப் பாருங்கள். கருவிண்மீனருகே அதன் கடிகாரம் மெதுவாக ஓடும். வெளியுலகிலோ அதற்குள் அதிக காலம் கழிந்திருக்கும். எனவே, மீண்டு வரும் கப்பல் எதிர்காலத்தைத்தான் காணும்; கடந்த காலத்தையன்று. கதை நேர்மாறாகச் சொல்கிறது. கோளின் ஈர்ப்பைக் கவண்போல் பயன்படுத்துவது உண்மையே. வாயேஜர் 1 வியாழனிடம் வேகம் பெற்று 1980இல் சனியை அடைந்தது. பெற்றது வேகம், காலமன்று.

கடந்த காலம் செல்வதில் வேறொரு சிக்கலும் உண்டு. வந்தவாசிக்கு அருகிலுள்ள தெள்ளாற்றில், 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை வென்றான். இன்று ஒருவர் அப்போர்க்களம் சென்று மன்னனின் குதிரையை மறித்து, வெற்றி கைநழுவிப் போயிருந்தால்? அவ்வெற்றியைப் பாடும் நந்திக்கலம்பகம் தோன்றியிராது. பின் நிகழ்ந்தவையும் மாறும். மறித்தவரே பிறந்திருப்பாரோ என்னவோ! தறியில் பாவு இழை ஒன்று அறுந்ததைக் கவனியாமல் நெய்தால், அப்பழுது சேலையின் நீளமெங்கும் தொடர்வதை எங்கள் பகுதி நெசவாளர் அறிவர். கதாசிரியர் இச்சிக்கலை உணர்ந்தே, பிறவாத மகனைக் கதைக்குள் கொணர்ந்தார். அதுவே இப்பகுதியின் சிறப்பு.

எடிங்டன் ஒரு முடிவை அபத்தம் என்று ஒதுக்கினார்; தொலைக்காட்சிக் கதை இன்னொன்றைச் சுவையானது என்று ஏற்றது. இயற்கையோ இவ்விரண்டையும் பொருட்படுத்துவதில்லை. மாணவர்களே, வியப்பூட்டும் கருத்தைக் கேட்டால் உடனே சிரிக்கவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். கப்பலில் சென்ற அந்த 19 வயது இளைஞர் செய்தது அதைத்தான்.