இரட்டை வில்லா, லாங்சைட்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மேன்ஷன்ஹவுஸ் சாலையில் உள்ள ஜோடிக் கல்வீடுகள். அலெக்சாண்டர் தாம்சனின் (1817–1875) வடிவமைப்பில் 1856–57இல் எழுந்தவை. பொதுச்சுவர் கொண்ட இரட்டை வீடுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருப்பதே வழக்கம். தாம்சனோ ஒரே வரைபடத்தை அரைவட்டம் திருப்பி ஒட்டவைத்தார். ஒரு வீட்டின் முகப்புப் பக்கமே மற்றதற்குப் பின்புறம். எனவே எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே பெரிய மாளிகையாகத்தான் தெரியும். சிக்கனமான குறும்பு!

மணற்கல் சுவர்கள், தாழ்ந்த சரிவுக் கூரை. நின்று பார்க்க வேண்டியது ஜன்னலைத்தான்: கண்ணாடிச் சட்டம் கல்தூண்களில் பதியாமல், அவற்றின் பின்னால் தனித்திரையாக ஓடுகிறது. தூண்களில் கிரேக்கச் சாயல். ‘கிரேக்கத் தாம்சன்’ என்றே பெயர்பெற்ற இவர் கிரேக்கத்தை நேரில் கண்டதில்லை.