துங்ரோ: மஞ்சள் இலையில் மறைந்திருந்த இரு நச்சுயிரிகள்

நெல்லின் இலை மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. தழைச்சத்துக் குறைந்தாலும் மஞ்சளாகும். துத்தநாகம் குறைந்தாலும், தேங்கிய நீரில் வேர் கெட்டாலும் நிறம் மாறும். இவற்றோடு நச்சுயிரி நோயும் சேர்ந்துகொண்டால், கண்ணால் மட்டும் பார்த்துக் காரணம் சொல்வது அரிது. துங்ரோ நோயைக் கண்டறிந்த வரலாறு, இந்தக் குழப்பத்திலிருந்து வேளாண் அறிவியல் படிப்படியாக விடுபட்ட வரலாறு.

இந்தோனேசியாவில் 1859ஆம் ஆண்டிலேயே 'மென்தெக்' என்ற பெயரில் ஒரு நெல் நோய் பதிவாகியுள்ளது. மலேசியாவில் அதனைச் 'சிவப்பு நோய்' என்றனர். 'துங்ரோ' என்பது பிலிப்பைன்ஸ் நாட்டுச் சொல். வளர்ச்சி குன்றியது என்று பொருள்படும். நாட்டுக்கு ஒரு பெயர் வழங்கியதால், இவை ஒரே நோயாக இருக்கலாம் என்ற எண்ணம் நெடுங்காலம் எழவில்லை. மண்ணின் குறை என்றனர் சிலர். வேரைத் தாக்கும் நூற்புழுவே காரணம் என்றனர் வேறு சிலர். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரிவேரா, ஊ ஆகிய இருவரும், நோயுற்ற பயிரின் சாற்றை உறிஞ்சிய பச்சைத் தத்துப்பூச்சிகள் நலமான நாற்றுக்கு நோயைக் கடத்துவதை மெய்ப்பித்து, 1965இல் வெளியிட்டனர். அதன்பின் மண்ணைக் குற்றம் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

இந்தியாவில் இந்நோய் பற்றிய முதற்குறிப்பு 1967இல் வெளியானது. இரண்டே ஆண்டுகளில், 1969இல், உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அது கொள்ளைநோயாகப் பரவியது. பசுமைப் புரட்சியின் குட்டை இரகங்கள் வயல்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றுள் முதன்மையான தைச்சுங் நேட்டிவ் 1, துங்ரோவுக்கு மிக எளிதில் இரையாகக்கூடிய இரகம்.

இங்கே மற்றொரு செய்தியையும் சேர்த்து நோக்க வேண்டும். அதே உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் நெற்பயிரைக் குன்றச் செய்த 'கைரா' நோய், துத்தநாகக் குறைபாடே என்பதைப் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர் 1966இல் காட்டியிருந்தார். கைராவுக்குத் துத்தநாக சல்பேட் தெளித்தால் பயிர் மீளும். துங்ரோவுக்கு எதைத் தெளித்தாலும் நோயுற்ற பயிர் மீளாது. இரண்டையும் பிரித்தறியாத உழவர், பணத்தையும் பருவத்தையும் சேர்த்தே இழப்பார்.

பிரித்தறிய உதவிய முதற்கருவி மிக எளியது. நலமான இலை பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் பிற உறுப்புகளுக்கு அனுப்பிவிடும். துங்ரோ தாக்கிய இலையில் அது தங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் இலை நுனியை வெட்டி, 100 மில்லி நீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசலில் 15 நிமிடம் வைத்தால், நோயுற்ற இலையில் கருநீலக் கீற்றுகள் தோன்றும். இச்சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஆயினும் இது காட்டுவது நோயின் விளைவையே, நச்சுயிரியை அன்று.

நச்சுயிரியையே காணும் வழி, மின்னணு நுண்ணோக்கியாலும் எதிர்ப்பொருள் சோதனைகளாலும் திறந்தது. 1970களின் இறுதியில் ஹிபினோவும் உடன் ஆய்ந்தோரும், துங்ரோ இரண்டு நச்சுயிரிகளின் கூட்டு என்று தெளிவுபடுத்தினர். கோல் வடிவினது நோய்க்குறிகளை உண்டாக்குகிறது. ஆனால் தனித்துப் பூச்சியின்வழிப் பரவ அதனால் இயலாது. கோள வடிவினது அதற்குப் பரவும் ஆற்றலைத் தருகிறது. தான் மட்டும் இருக்கும் பயிரில் ஏறக்குறைய எந்தக் குறியையும் காட்டுவதில்லை. 1985இல் எலைசா முறை இவ்விரண்டையும் தனித்தனியே காணத் துணைசெய்தது. 1990களில் பிசிஆர் முறையும் சேர்ந்தது.

இதன் பயன் நோய்க்குப் பெயர் சூட்டுவதோடு நிற்கவில்லை. நலமாகத் தோன்றும் பயிரும் நோய்க்குத் துணைபோகலாம் என்பது உறுதியாயிற்று. துங்ரோவை எதிர்ப்பதாகக் கருதப்பட்ட இரகங்கள் பல, உண்மையில் தத்துப்பூச்சியை மட்டுமே எதிர்த்தன என்பதும் வெளிப்பட்டது. பூச்சி அந்த இரகத்துக்குப் பழகியதும் அரண் சரிந்தது. நச்சுயிரியையே எதிர்க்கும் இரகங்களைத் தேடும் முயற்சி இந்தத் தெளிவினால்தான் வலுப்பெற்றது.

நோயுற்ற பயிருக்கு இன்றும் மருந்தில்லை. நாற்றங்காலிலேயே பூச்சியைக் கட்டுப்படுத்துவதும், நோயுற்ற தூர்களைப் பிடுங்கி அழிப்பதுமே வழி. எனவே, எத்துணை நுட்பமான சோதனையாயினும், அதன் முடிவு நடவுக்குப் பின் வந்தால் அது இழப்பின் பதிவாக மட்டுமே எஞ்சும். ஆய்வகத்துக்கும் நாற்றங்காலுக்கும் இடையிலுள்ள அந்த நாள்களைக் குறைப்பதே நம் தலைமுறை ஆய்வாளர்முன் உள்ள பணி.