பழைய லொறியும் அதன் உடைமை வரலாறும்

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், அண்மைக்கால மக்களின் தொழிலையும் கொடுக்கல் வாங்கலையும் அறிதற்கு இரும்பிற் பொறித்த இலக்கங்களும் சான்றாதல் கூடும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் கடற்கரைப் பெருந்தெருவில், அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையில் அமைந்த ஊர் பெரியநீலாவணை. நெல்லும் தேங்காயும் மீனும் மருதமுனைத் துணியும் இத்தெருவழியே லொறிகளிற் சென்றன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயற்பரப்பைப் பெருக்கியபோது லொறியின் தேவையும் பெருகியது. அக்காலத்து வண்டியொன்றைப் புதுப்பிக்க முற்படுவோர், அது யார் யார் கையில் இருந்தது என்பதை எவ்வாறு துணியலாம் என ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோக்கற்குரியது இலக்கத்தகடு. முன்னாளில் இலங்கையின் ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, சி.எல்., சி.வை., ஈ.எல்., ஈ.என். என்றவாறு வழங்கினர். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தை அடுத்துச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தகட்டில் இடம்பெற்றது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து இயக்கம் நடத்தியதும், 1958இல் அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டதும் யாவரும் அறிந்தவை. பின்னர் 'ஸ்ரீ' நின்ற இடத்தைச் சிறு கோடு பிடித்தது. 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கில எழுத்துகளும் மாகாணக் குறியும் வந்தன. ஆகவே தகட்டை நோக்கியவுடனேயே வண்டி இந்நாட்டில் முதன்முதற் பதிவான காலம் ஏறத்தாழப் புலனாகும்.

எனினும் தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டுதல் எளிது. எனவே அடிச்சட்டத்தில் வெட்டப்பட்ட இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடல் வேண்டும். இயந்திர இலக்கம் ஒவ்வாதாயின், இயந்திரம் மாற்றப்பட்டதெனக் கொள்ளலாம். அதுவே பொய்மைக்குச் சான்றாகாது. அடிச்சட்ட இலக்கம் ஒவ்வாவிடின், புத்தகம் கூறும் வரலாறு வேறொரு வண்டிக்குரியது என்க.

செய்தவரை அறிதலும் பயன்தரும். பெட்போர்ட் என்னும் பெயர் 1931இல் இங்கிலாந்தின் லூட்டனிற் தோன்றியது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் ஜெர்மானிய மெர்சிடிஸ் பென்ஸ் உடன்பாட்டின்படி லொறி செய்யத் தொடங்கியது 1954இல். அவ்வுடன்பாடு முடிந்தது 1969இல். அந்நிறுவனத்தின் முதல் ஏற்றுமதி 1961இல் இலங்கைக்கே நிகழ்ந்தது. எனவே ஜாம்ஷெட்பூர் லொறியொன்றைத் தம் பாட்டனார் 1955இல் இங்கு புதிதாக வாங்கினார் என ஒருவர் கூறின், அவர் நினைவை அவ்வாறே ஏற்றல் இயலாது. பாட்டனார் வாங்கியது உண்மையாகலாம், ஆண்டே பிழையாகும். மேலும், பஸ்ஸாக ஓடிய அடிச்சட்டத்தின்மீது லொறிப் பெட்டி பின்னர் அமைக்கப்பட்டிருப்பின், 1958 ஜனவரி 1ஆந் திகதி தனியார் பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு மாறியமையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பதிவுப் புத்தகம் தலையாய சான்றே. ஆயினும் முற்றுண்மை அன்று. வாடகைக் கொள்வனவு முறையில் வாங்கிய வண்டியின் முழுமையுரிமை, கடன் தீருமளவும் பணம் கொடுத்தாரிடமே நிற்கும். ஓட்டி உழைப்பவர் பதிவுபெற்ற உடைமையாளர் மட்டுமே. விற்றவர் படிவத்திற் கையொப்பமிட்டுக் கொடுக்க, வாங்கியவர் தம் பெயரைப் பதியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டி, மற்றொருவருக்குக் கைமாற்றுதலும் உண்டு. அங்ஙனம் இடையில் வைத்திருந்தார் பெயர் புத்தகத்தில் இராது. அவரே அவ்வண்டியால் மிகுதியும் உழைத்தவராகவும் இருக்கலாம்.

இவ்விடத்தில் வாய்மொழிச் சான்று இன்றியமையாததாகின்றது. 1978 நவம்பர்ச் சூறாவளியும், நெடிய போரும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் இக்கரையோர வீடுகளின் பத்திரங்களை அழித்தன. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இவ்வூர்களில் ஒரு வண்டியின் கதை ஒரு சமூகத்தாரிடம் மட்டும் கிடைக்குமென எண்ணுதல் தவறு. முதலாளி, சாரதி, கராஜ்க்காரர், நெல் ஏற்றிய போடியார் ஆகியோரின் வழிவந்தோரைத் தனித்தனியே வினாவி, அவர் கூற்றுகள் ஒத்துவரும் இடங்களைத் தகட்டோடும் இலக்கத்தோடும் பொருத்திப் பார்த்தலே தக்க முறை.

இறுதியாகப் புதுப்பிப்போர்க்கு ஒன்று கூறல் தகும். கதவிற் பழைய வர்ணத்தின் கீழ் உடைமையாளர் பெயரும் ஊரும், ஏற்றத்தக்க நிறையும் எழுதப்பட்டிருத்தல் உண்டு. அதனைச் சுரண்டுமுன் படம் எடுத்து, எழுத்தைப் பெயர்த்து எழுதி வைத்தல் வேண்டும். புத்தகத்தில் ஏறாத ஒருவரின் பெயர் அக்கதவில் மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும். அதனை உரசிப் போக்கிவிட்டுப் புதுவர்ணம் தீட்டின், லொறி அழகுபெறும். அதனை வைத்து வாழ்ந்த ஒருவர் வரலாற்றினின்றும் நீங்கிவிடுவார்.