தொடருந்து இயக்கப் பாவனை விளையாட்டு

தொடருந்து இயக்கப் பாவனை விளையாட்டு என்பது, வண்டியை ஓட்டுதல், சமிக்ஞைகளை இயக்குதல், சரக்குப் பெட்டிகளைக் கோத்தும் பிரித்தும் உரிய இடத்தில் சேர்த்தல் முதலிய இருப்புப்பாதைப் பணிகளை, அவற்றின் உண்மையான விதிகளுக்கும் இயற்பியலுக்கும் இயன்றவரை நெருக்கமாகக் கணினியில் செய்துபார்க்க உதவும் விளையாட்டு வகையாகும். இவ்வகையில் பல மென்பொருள்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் இருப்புப்பாதையின் வெவ்வேறு பணியை முதன்மைப்படுத்துகின்றன. எனவே, எது சிறந்த விளையாட்டு என்று கேட்பதற்கு முன்னர், எந்த ஊழியரின் பணியைச் செய்துபார்க்க விரும்புகிறோம் என்பதைப் புதியவர் ஒருவர் முடிவு செய்துகொள்வது பயன் தரும்.

வரையறை

இருப்புப்பாதை தொடர்பான கணினி விளையாட்டுகளை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பகுக்கலாம். முதலாவது வணிக மேலாண்மை விளையாட்டுகள். 1990 இல் வெளிவந்த ரெயில்ரோட் டைக்கூன், 1994 இல் வெளிவந்த டிரான்ஸ்போர்ட் டைக்கூன், பின்னதை அடியொற்றித் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓப்பன்டிடிடி ஆகியவை இப்பிரிவில் அடங்கும். இவற்றில் ஆடுபவர் நிறுவனத்தின் முதலாளி ஆவார். பாதை அமைத்து, வண்டி வாங்கி, வருவாய் ஈட்டுவது அவரது வேலை. ஓடும் வண்டி எவ்வாறு நிற்கிறது என்பது அவருடைய கவலையன்று.

இரண்டாவது பிரிவு இயக்கப் பாவனை விளையாட்டுகள். இங்கு ஆடுபவர் ஓர் ஊழியர். அவருக்கு ஒரு கால அட்டவணையும், கடைப்பிடிக்க வேண்டிய விதிகளும், எளிதில் நிற்காத ஒரு வண்டியும் தரப்படுகின்றன. இக்கட்டுரை இரண்டாவது பிரிவைப் பற்றியது.

வரலாறு

வீட்டுக் கணினிகளில் இவ்வகை விளையாட்டுகள் 1980களிலேயே தோன்றிவிட்டன. 1985 இல் வெளிவந்த சதர்ன் பெல், லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து பிரைட்டன் வரை நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டும் விளையாட்டு ஆகும். ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1996 இல் விளையாட்டுக் கூடங்களுக்காக வெளியிட்ட டென்ஷா டி கோ, நடைமேடையில் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் வண்டியை நிறுத்துவதையே போட்டியாக்கிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியர் ஒருவர் தனிமுயற்சியாக உருவாக்கிய பிவிஇ என்னும் இலவச மென்பொருள், ஓட்டுநர் அறைக் காட்சியையும் வண்டியின் இயக்கத்தையும் நுணுக்கமாகக் காட்டியது.

2001 இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர் இத்துறையின் திருப்புமுனை எனலாம். பிரித்தானியாவின் குஜு நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டில் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரியா, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளின் ஆறு தடங்கள் இருந்தன. ஆடுபவர்களே புதிய தடங்களையும் வண்டிகளையும் உருவாக்கிச் சேர்க்க இது இடமளித்தது. ஆஸ்திரேலியாவின் ஆரான் நிறுவனம் ஏறத்தாழ அதே காலத்தில் டிரெயின்ஸ் என்னும் தொடரைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு இருமுறை அறிவிக்கப்பட்டு, 2004 இலும் 2009 இலும் கைவிடப்பட்டது.

அதன் பின்னர் வளர்ச்சி இரு வழிகளில் சென்றது. வணிக வழியில், குஜு உருவாக்கிய ரெயில் சிமுலேட்டர் 2007 இல் வெளிவந்தது. அதன் வழித்தோன்றலான ரெயில்வொர்க்ஸ் 2009 இல் வெளியாகி, பிற்காலத்தில் டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்னும் பெயரைப் பெற்றது. அதை வெளியிட்ட நிறுவனமே, டவ்டெய்ல் கேம்ஸ் என்னும் பெயரில், 2017 இல் டிரெயின் சிம் வேர்ல்டு தொடரைத் தொடங்கியது. தன்னார்வ வழியில், மைக்ரோசாப்ட் விளையாட்டின் கோப்புகளை இயக்கவல்ல ஓப்பன் ரெயில்ஸ் என்னும் திறந்த மூல மென்பொருளின் முதல் நிறைவுப் பதிப்பு 2015 இல் வெளிவந்தது. பிவிஇ தடங்களை இயக்கும் ஓப்பன்பிவிஇயும் இவ்வழியில் உருவானதே.

உண்மைத்தன்மையின் கூறுகள்

ஒரு விளையாட்டு உண்மைக்கு நெருக்கமானது என்று கூறப்படும்போது, பெரும்பாலும் அதன் காட்சியழகே கருதப்படுகிறது. இயக்கப் பாவனையைப் பொறுத்தவரை பின்வரும் மூன்று கூறுகள் அதனினும் முதன்மையானவை.

எடையும் பிரேக்கும்

தொடருந்தின் காற்றுப் பிரேக், வண்டி முழுவதும் செல்லும் ஒரு குழாயிலுள்ள காற்றழுத்தத்தைக் கொண்டு இயங்குகிறது. அழுத்தம் குறையும்போது பிரேக் பிடிக்கும். அழுத்தம் மீளும்போது பிரேக் தளரும். வட அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் இக்குழாயின் வழக்கமான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு ஆகும். இந்திய இருப்புப்பாதையில் இது சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம். பிரேக்கைத் தளர்த்திய பின்னர் நீண்ட வண்டியின் ஒவ்வொரு பெட்டியிலும் காற்று மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தும் தளர்த்தியும் மாறி மாறி இயக்கும் ஓட்டுநருக்கு, தேவைப்படும் நேரத்தில் போதிய காற்று இல்லாமற் போகலாம். நல்ல பாவனை விளையாட்டில் இது அப்படியே நிகழும். எளிய விளையாட்டில் பிரேக் மகிழுந்தின் பிரேக்கைப் போல் உடனே பிடித்து உடனே விடும்.

இக்கூறின் முதன்மையை 1989 மே 12 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் நிகழ்ந்த விபத்து விளக்குகிறது. டிரோனா என்னும் கனிமம் ஏற்றிய 69 பெட்டிகளைக் கொண்ட சதர்ன் பசிபிக் சரக்கு வண்டியொன்று கஹோன் கணவாயிலிருந்து இறங்கியது. அங்குள்ள சரிவு 2.2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 45 இல் 1. ஒவ்வொரு பெட்டியிலும் 60 டன் சரக்கு இருப்பதாக எழுத்தர் மதிப்பிட்டிருந்தார். உண்மையில் ஏறத்தாழ 100 டன் இருந்தது. அதனால் 6,000 டன்னைச் சற்றே விஞ்சும் எனக் கருதப்பட்ட வண்டியின் மொத்த எடை 9,000 டன்னை நெருங்கியது. மேலும், எஞ்சினின் மின்னோடிகளை மின்னாக்கிகளாக மாற்றி வேகத்தைக் குறைக்கும் மின்னியக்கப் பிரேக், சில எஞ்சின்களில் பழுதாகியிருந்தது. மணிக்கு 30 மைல் வேகத்தில் இறங்க வேண்டிய வண்டி கட்டுக்கடங்காமல் விரைந்து, வளைவு ஒன்றில் தடம்புரண்டு வீடுகளின் மீது பாய்ந்தது. நால்வர் உயிரிழந்தனர். அங்கு புதைக்கப்பட்டிருந்த எரிபொருள் குழாய், 13 நாட்களுக்குப் பின்னர் வெடித்து மேலும் இருவரைப் பலிகொண்டது.

தாளில் எழுதப்பட்ட ஓர் எண்ணுக்கும் வண்டியின் வேகத்துக்கும் உள்ள இத்தொடர்பை, எடையையும் காற்றழுத்தத்தையும் முறையாகக் கணக்கிடும் விளையாட்டுகளில் மட்டுமே உணர முடியும்.

சமிக்ஞையும் அனுமதியும்

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரு நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க இயலும். தமிழகப் பயணிகள் இதனைக் கிராசிங் என்று நன்கு அறிவர். எந்த வண்டியை நிறுத்துவது, எதை விடுவது என்னும் முடிவே போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் சாரம். ஒரு விளையாட்டின் சமிக்ஞைகள் பிற வண்டிகளின் இருப்பிடத்தைக் கொண்டு மாறுகின்றனவா, அல்லது ஆடுபவர் நெருங்கும்போது முன்னரே வகுத்தபடி மாறுகின்றனவா என்பது கவனிக்கத்தக்கது.

பெட்டிகளின் வேலை

சரக்குப் பெட்டி ஒவ்வொன்றும் ஓரிடத்தில் ஏற்றப்பட்டு மற்றோரிடத்தில் இறக்கப்பட வேண்டும். இதற்காகப் பெட்டிகளைப் பிரித்து வரிசை மாற்றுவது ஷண்டிங் எனப்படுகிறது. கைப்பிரேக்கைப் போடுதல், காற்றுக் குழாய்களை இணைத்தல், தடமாற்றியைத் திருப்புதல் ஆகியவற்றை ஆடுபவரே செய்ய வேண்டிய விளையாட்டுகளில், ஐந்து பெட்டிகளை வரிசைப்படுத்த ஒரு மணி நேரம் கூட ஆகலாம்.

பணி அடிப்படையிலான வகைகள்

* பயணிகள் வண்டி ஓட்டுநர்: டிரெயின் சிம் வேர்ல்டு, ஓட்டுநர் அறையின் பொத்தான்களையும் நெம்புகோல்களையும் தனித்தனியே இயக்கச் செய்கிறது. பயிற்சிப் பாடங்களும் உள்ளடங்கியுள்ளதால் தொடங்குவதற்கு எளிது. ஜெர்மனியின் சூசி, காட்சியில் எளிமையானதாயினும், அந்நாட்டின் பாதுகாப்புக் கருவிகளை நுணுக்கமாகப் பாவனை செய்கிறது. ஓப்பன்பிவிஇ, ஓப்பன் ரெயில்ஸ் ஆகியவை இலவசமாகக் கிடைப்பன.
* நெடுந்தொலைவுச் சரக்கு வண்டி ஓட்டுநர்: ரன் 8, அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்தை மையமாகக் கொண்டது. மேற்கூறிய கஹோன் கணவாயும் இதன் தடங்களுள் ஒன்று. பலர் இணையவழி ஒன்றுகூடி, ஒருவர் கட்டுப்பாட்டாளராகவும் மற்றோர் ஓட்டுநர்களாகவும் பணியாற்றலாம். காட்சியழகைக் காட்டிலும் பிரேக், எடை, யார்டு வேலை ஆகியவற்றுக்கே இது பெயர்பெற்றது.
* ஷண்டிங் மற்றும் உள்ளூர்ச் சரக்குப் பணி: 2019 இல் முன்னோட்ட வெளியீடாக வந்த டிரெயில் வேலி, கற்பனைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பணிச்சீட்டுகளைப் பெற்றுச் சரக்கைச் சேர்க்கும் விளையாட்டு ஆகும். வண்டியைச் சேதப்படுத்தினால் அதற்கான செலவை ஆடுபவரே ஏற்க வேண்டும். 2023 இல் முன்னோட்டமாக வெளிவந்த ரெயில்ரோடர், வட கரோலினா மலைப்பகுதியின் சிறிய இருப்புப்பாதை ஒன்றை நீராவிக் காலத்திலிருந்து டீசல் காலம் வரை நடத்தச் செய்கிறது.
* சமிக்ஞையாளர்: சிம்சிக், பிரித்தானியச் சமிக்ஞை மையங்களின் திரையைப் பாவனை செய்கிறது. வண்டிகள் இதில் வெறும் எண்களாகவும் கோடுகளாகவுமே தோன்றும். எனினும், ஒரு வண்டியின் தாமதம் எவ்வாறு பத்து வண்டிகளைப் பாதிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டுகள் குறைவு. போலந்தின் சிம்ரெயில், ஓட்டுநர், நிலையக் கட்டுப்பாட்டாளர் ஆகிய இரு பணிகளையும் ஒரே விளையாட்டில் பலர் பகிர்ந்துகொள்ள வழிசெய்கிறது.

புதியவர் தெரிவு செய்யும் முறை

தெரிவுக்கு முன்னர் பின்வருவனவற்றைக் கருதுதல் நன்று.

1. பணி: ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுவதில் மகிழ்பவர் ஒருவர் சமிக்ஞைத் திரையில் சலிப்படையலாம், புதிர்களை விரும்புபவருக்கு நெடும்பாதையில் ஓட்டுவது சலிப்பூட்டலாம்.
2. செலவு: அடிப்படை விளையாட்டின் விலை குறைவாக இருப்பினும், கூடுதல் தடங்களும் எஞ்சின்களும் தனித்தனியே விற்கப்படுகின்றன. எனவே, வாங்கும் பொதியில் உள்ள தடங்கள் எவை என்பதை முதலில் பார்க்க வேண்டும். அறிந்த ஒரு தடத்தில் பலமுறை ஓடுவதே தேர்ச்சி தரும் என்பதால், தொடக்கத்தில் ஒரே தடம் போதுமானது.
3. கணினி: புதிய முப்பரிமாண விளையாட்டுகளுக்கு ஆற்றல்மிக்க வரைகலை அட்டை தேவை. ஓப்பன் ரெயில்ஸ் பழைய கணினிகளிலும் ஓரளவு நன்கு இயங்கும். சிம்சிக் போன்றவற்றுக்கு எளிய மடிக்கணினியே போதும்.
4. கற்கும் நேரம்: உண்மைத்தன்மை கூடக் கூடக் கையேட்டின் பக்கங்களும் கூடும். பல விளையாட்டுகளில் எளிய முறையில் தொடங்கிப் படிப்படியாகக் கடின முறைக்குச் செல்ல வாய்ப்புண்டு.
5. துணை: ரன் 8, சிம்ரெயில் போன்றவற்றின் முழுப்பயன் பிறருடன் ஆடும்போதே கிடைக்கிறது. இணைய இணைப்பும் குறித்த நேரத்தில் அமரும் வாய்ப்பும் இல்லாதவர் தனியாக ஆடத்தக்கவற்றைத் தெரிவு செய்யலாம்.

செலவில்லாமல் தொடங்க விரும்புபவர், ஓட்டுநர் பணிக்கு ஓப்பன் ரெயில்ஸ் அல்லது ஓப்பன்பிவிஇயையும், சமிக்ஞைப் பணிக்குச் சிம்சிக்கின் இலவசப் பகுதிகளுள் சிறியது ஒன்றையும் சில வாரங்கள் செய்துபார்க்கலாம். எந்தப் பணியில் மனம் ஊன்றுகிறது என்பது அதற்குள் புலப்படும். ஸ்டீம் தளத்தில் வாங்கியவை பொருந்தாவிடில், 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

விளையாட்டின் தரத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பாரமேற்றிய நீண்ட வண்டியொன்றை இறக்கத்தில் ஓட்டி, பிரேக்கைப் பலமுறை பிடித்துத் தளர்த்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டி முன்போலவே நிற்குமாயின், அவ்விளையாட்டு காற்றழுத்தத்தைக் கணக்கில் கொள்ளவில்லை எனலாம்.

இந்தியத் தொடர்பு

சென்னையைச் சேர்ந்த ஹைப்ரோ இண்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கிய இந்தியன் டிரெயின் சிமுலேட்டர், கைப்பேசிகளில் பரவலாக ஆடப்பட்ட விளையாட்டு ஆகும். இது எளிமையான வகையைச் சார்ந்தது. மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காக இந்திய ஆர்வலர்கள் உருவாக்கிய எஞ்சின்களும் பெட்டிகளும் தடங்களும் ஓப்பன் ரெயில்சிலும் இயங்கக்கூடியவை. பழகிய எஞ்சின்களோடு தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு இவை பொருத்தமானவை.

வரம்புகள்

எத்துணை நுணுக்கமான விளையாட்டும் ஓட்டுநர் பயிற்சிக்கு ஈடாகாது. வண்டி குலுங்குவதையும், பெட்டிகளின் கொக்கிகள் இழுபடுவதையும், இருக்கை வழியாகவும் ஓசை வழியாகவும் உணர்ந்தே ஓட்டுநர் செயற்படுகிறார். திரையில் இவ்வுணர்வு கிட்டாது. தவறு நேர்ந்தால் மீண்டும் தொடங்கும் வசதியும் மெய்யான பாதையில் இல்லை. ஆயினும், பயணிகள் வண்டி காரணமின்றி நிற்பதாகத் தோன்றும் இடங்களில், அதன் பின்னால் ஒரு சமிக்ஞையும் ஒரு முடிவும் மற்றொரு வண்டியும் உள்ளன என்பதை இவ்விளையாட்டுகள் நன்கு உணர்த்துகின்றன.

இவற்றையும் பார்க்க

* காற்றுப் பிரேக்
* தொடருந்துச் சமிக்ஞை முறை
* ஷண்டிங்
* பறப்புப் பாவனை விளையாட்டு
* ஓப்பன்டிடிடி